‘பாஸ்’ ஆன பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லையா? வாயால் பேசாதீர்கள், மனு கொடுங்கள்

5-ஆம் வகுப்பு முடிந்து 6-ஆம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கும்போதுதான் பல வீடுகளில் குட்டு உடைகிறது. தமிழாசிரியர் ஒரு பத்தியைக் காட்டி வாசிக்கச் சொல்கிறார். பிள்ளை எழுத்துக்கூட்டத் திணறுகிறது. பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். அப்பா அடிக்கிறார். அம்மா டியூஷன் தேடுகிறார். தாத்தா, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார். கடன் புரட்ட முடிந்தவர்கள் வட்டிக்கு வாங்கி ஆங்கில வழிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். இன்னும் சிலர் பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு, ஆத்திரம் தீர்ந்து திரும்புகிறார்கள். ஐந்து வருடமும் தேர்ச்சி அட்டையில் கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்தான். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி அலுவலகத்தில் கொடுத்தவரைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. மத்திய அரசு 2019-இல் சட்டத்தைத் திருத்தி, 5, 8-ஆம் வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி விட்டது. நம் மாநிலம் அந்த வழியில் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. ஆனால் தேர்ச்சி என்பது பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகிறது என்பதற்கான தாள் மட்டுமே. படித்துவிட்டது என்பதற்கு அது சான்றல்ல. இதைப் பெற்றோர் இன்னும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாடு முழுவதுமே இதுதான் நிலைமை. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்து ‘அசர்’ என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அரசுப் பள்ளிகளில் 5-ஆம் வகுப்பு படிப்பவர்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 44.8 விழுக்காடு. பாதிக்கு மேல் முடியவில்லை. அந்தப் பாதிக்குள் உங்கள் பிள்ளை இருக்கிறதா என்று நாட்டின் சராசரி சொல்லாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை 3-ஆம் வகுப்புக்கு மேல் படித்தால் 2-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்குங்கள். வகுப்பில் சேர்ந்து ஓதி மனப்பாடமான பாடம் வேண்டாம். பிள்ளை பார்த்திராத ஒரு சின்னக் கதையைக் காட்டுங்கள். தடுமாறினால் நாலு எளிய வாக்கியம், அதுவும் முடியாவிட்டால் தனிச் சொற்கள், பிறகு எழுத்துகள் என்று இறங்கி வாருங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று குறியுங்கள். கணக்கில் கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்கு ஒன்று கொடுங்கள். தேதியையும் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

இனி மனு. 2009-ஆம் ஆண்டு இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் பலரும் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் வாங்கித் தரும் சட்டமாக மட்டுமே அறிவார்கள். அதன் 24-ஆவது பிரிவைப் படித்தவர்கள் குறைவு. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரை முறையாகக் கூட்டி வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவு கடமை விதிக்கிறது. ஆகவே கூடுதல் கற்பித்தலைக் கேட்பது சலுகைக்குக் கெஞ்சுவதல்ல.

முதல் மனு தலைமையாசிரியருக்கு. நீட்டி முழக்க வேண்டாம். “என் மகள் 4-ஆம் வகுப்பு படிக்கிறாள். இன்ன தேதியில் வாசிக்கச் சொல்லிப் பார்த்ததில் தனிச் சொற்களை வாசிக்கிறாள். வாக்கியம் வாசிக்க முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 24(1) பிரிவின்படி அவளது கற்றல் நிலையை மதிப்பிட்டு, என்ன கூடுதல் பயிற்சி, யார், எந்த நேரத்தில் தருவார்கள் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” இவ்வளவே போதும். ஆசிரியரைத் திட்டி ஒரு வரிகூட எழுதாதீர்கள். திட்டு இருந்தால் விசாரணை திட்டைப் பற்றித்தான் நடக்கும். இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு.

பதில் வராவிட்டால் 32-ஆவது பிரிவு. பிள்ளையின் உரிமை தொடர்பான குறையை யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம்; மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். சட்டம் உள்ளாட்சி அமைப்பு என்கிறது. பள்ளியை மேற்பார்வை பார்ப்பதோ கல்வித்துறை. ‘எங்கள் வேலையில்லை’ என்று இருவரும் கைகாட்டிக்கொள்வார்கள். அதற்கு இடம் தராமல், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஒன்றிய அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரே மனுவில் முகவரி போடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தொடக்கக் கல்வி) நகல் அனுப்புங்கள். தனியார் பள்ளி என்றால் அதற்கென்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். மூன்று மாதத்திலும் அசைவில்லை, அல்லது முடிவு சரியில்லை என்றால் சென்னையிலுள்ள மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரை போட்ட நகலைத்தான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முத்திரை வாங்குங்கள்.

14417 உதவி எண்ணில் பேசலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். இவையெல்லாம் கூடுதல் வழிகள்தான். 32-ஆவது பிரிவு மனுவுக்கு இவை மாற்றல்ல. மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

பல இடங்களில் தப்பு வகுப்பாசிரியருடையதே அல்ல. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு அல்லாடுவார். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. காலிப்பணியிடம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 26-ஆவது பிரிவு. அப்படிப்பட்ட பள்ளி என்றால் மனுவில் ஆசிரியர் பணியிடத்தைக் கேளுங்கள். அந்த ஆசிரியரே உங்களுக்குத் துணை நிற்பார்.

பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே வகுத்த குழு. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அதன் வேலை. (அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் ஆலோசனை சொல்வது மட்டும்தான், உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் குழு கட்டாயமில்லை.) தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த்தொட்டி. தேவைதான். ஆனால் எத்தனை பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று ஒரு வரியும் இருக்காது. வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கூட்டம் கூட்டினால் மட்டும் எதுவும் மாறாது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்டோர் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் செய்தது. பெரும்பாலான பெற்றோருக்குக் கல்விக் குழு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. குழுவைப் பற்றி எடுத்துச் சொல்லியும் பள்ளியில் மாற்றமில்லை. எங்கே ஊர் இளைஞர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்துப் பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தினார்களோ, அங்கே முகாமுக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். நம் ஊரிலும் சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவந்ததாகக் கண்டார்கள். அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால் வந்தது.

ஆகவே அடுத்த கூட்டத்தில், “வாசிக்க வராத பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்துக் குழுவாகப் பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் வாசிப்புப் பயிற்சி தர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையைக் குழுவில் வைக்க வேண்டும்” என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாசிக்காமல் போடாதீர்கள்.

தீர்மானம் நடக்கிறதா என்று அறிய தகவல் உரிமைச் சட்டம் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மேலாண்மைக் குழுத் தீர்மானங்களின் நகலையும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?” என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்.

பள்ளியை மாற்றும் முன் ஒரு நிமிடம். ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் குலுக்கல் முறையில் கட்டணச் சீட்டு கொடுத்துப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பின்னும் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலே இல்லை. தாய்மொழி வாசிக்க வராத பிள்ளையைக் கடன் வாங்கி ஆங்கில வழியில் தள்ளுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

எத்தனை பயிற்சி கொடுத்தும் எழுத்துகள் குழம்புகின்றன என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஏற்றிருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். மருத்துவச் சான்றைப் பொதுத்தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் சான்று இருந்தால்தான் கிடைக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, 8-ஆம் வகுப்பு வரைதான். 9-ஆம் வகுப்பில் வந்து இந்த மனுவைக் கொடுத்தால் யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். வீட்டில் 3-ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்த வாரமே வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த வாரமே மனுவைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.