இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்பது எதற்கு?

விமானத்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தால் இறக்கையின் கடைசியில் நிமிர்ந்து நிற்கும் அந்தத் துண்டு கண்ணில் படாமல் போகாது. நிறுவனத்தின் சின்னத்தை வரைவதற்காக வைத்த பலகை என்று நினைப்பவர்களும் உண்டு. விங்லெட் எனப்படும் அதன் உண்மையான வேலை எரிபொருளை மிச்சம் பிடிப்பது.

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதே இந்த வித்தியாசம்தான். ஆனால் நுனியில் இறக்கை முடிந்துவிடுகிறதே, கீழேயுள்ள காற்று சும்மா இருக்குமா? விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே பாய்கிறது. விமானத்துக்குப் பின்னால் பெரிய சுழலாக நீள்கிறது. ஈரப்பதம் மிகுந்த நாட்களில், தரையிறங்கும் விமானத்தின் நுனிகளிலிருந்து வெள்ளைக் கோடாக இது வெளிப்படையாகவே தெரியும். அந்தச் சுழலுக்கான சக்தி எஞ்சினிலிருந்துதான் போகிறது. சீரான உயரத்தில் பறக்கும்போதுகூட, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த வகையில் சேருவதுதான்.

நுனியில் ஒரு தடுப்பு வைக்கலாம் என்று இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் 1897இலேயே காப்புரிமை வாங்கினார். வெறும் தடுப்பில் ஒரு சிக்கல்: அதுவே காற்றை எதிர்த்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். 1970களில் எண்ணெய் விலை எகிறியபோது, நாசாவின் ரிச்சர்ட் விட்கோம்ப் அதைத் தடுப்பாக அல்லாமல் ஒரு குட்டி இறக்கையாகவே வடிவமைத்தார். சுழன்று சாய்வாக வரும் காற்று அதன்மேல் படும்போது உண்டாகும் விசை, சற்றே முன்பக்கமாகச் சாய்கிறது. பக்கக் காற்றை வாங்கிப் பாய்மரப் படகு முன்னேறுவதும் இப்படித்தான். கேசி-135 விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்ததில், அதே எரிபொருளில் 6.5 சதவீதம் கூடுதல் தூரம் கிடைத்தது.

இறக்கையையே இன்னும் நீட்டிவிட்டால் என்ன? தாராளமாக நீட்டலாம், பலனும் உண்டு. இடம்தான் இல்லை! ஏர்பஸ் ஏ320 போன்றவை நிற்கும் இடங்களில் இறக்கை அகலம் 36 மீட்டரைத் தொடக்கூடாது. 2.4 மீட்டர் உயரமுள்ள 'ஷார்க்லெட்' என்ற விங்லெட்டைப் பொருத்திய பிறகும் ஏ320 35.8 மீட்டரில் அடங்கிவிடுகிறது. ஆக, விங்லெட் காற்றோடு மட்டுமல்ல, விமான நிலையத்தோடும் செய்துகொண்ட சமரசம்.

எல்லாருக்கும் அது லாபமில்லை. ஜப்பானின் உள்நாட்டுச் சேவைக்கென போயிங் தயாரித்த 747-400டி ரகத்தில் விங்லெட்டே கிடையாது. குறுகிய தூரத்தில் அதன் எடைக்கு ஈடான மிச்சம் கிடைக்காது. போயிங் 787 நிமிர்ந்த நுனிக்குப் பதில், பின்னோக்கிச் சாய்ந்து கூர்ந்த நுனியை வைத்துக்கொண்டது. 777எக்ஸ் ஒருபடி மேலே போய், 71.8 மீட்டர் அகலத்தோடு பறக்கிறது. தரையிறங்கியதும் நுனிகளை மடக்கி 64.8 மீட்டராகச் சுருக்கிக்கொண்டு, 65 மீட்டருக்கு உட்பட்ட விமானங்களுக்கான இடத்தில் போய் நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.