நன்னீர்ப் படிகளில் ஏறும் கப்பல்

பனாமா கால்வாயைக் கடக்கும் கப்பல் முதலில் ஏறுகிறது, பிறகுதான் இறங்குகிறது. வரைபடத்தில் இரு பெருங்கடல்களை இணைக்கும் மெல்லிய கோடாகத் தெரியும் இக்கால்வாயின் பெரும்பகுதி, கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் நிற்பது உப்பு நீரும் அன்று. மழை தந்த நன்னீர். ஃபுளோரிடாவில் புறப்பட்டுக் கலிஃபோர்னியாவில் முடியும் இரண்டு வாரச் சொகுசுக் கப்பல் பயணத்தில் கால்வாய்க்கு உரியது ஒரே ஒரு பகல்தான். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு பகலுக்காகவே பயணச்சீட்டு வாங்கியிருந்தனர். நாங்களும் அப்படித்தான்.

அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குச் செல்வதால் மேற்கு நோக்கிப் போவோம் என்றே யாரும் எண்ணுவர். பனாமா நிலம் வளைந்து கிடப்பதால் கப்பல் தென்கிழக்காகச் செல்கிறது. பசிபிக் வாயில், அட்லாண்டிக் வாயிலுக்குக் கிழக்கே அமைந்திருக்கிறது. விடியலில் கோலோன் நகருக்கு அருகே கால்வாயின் வழிகாட்டி மாலுமி ஏறிக்கொண்டார். பிற துறைமுகங்களில் இத்தகைய மாலுமி கப்பல் தலைவருக்கு ஆலோசனை கூறுபவர் மட்டுமே. இங்கே கப்பலைச் செலுத்தும் பொறுப்பே அவருடையதாகிவிடுகிறது.

காட்டூன் என்னும் இடத்தில் மூன்று படிகள். ‘லாக்’ எனப்படும் ஒவ்வொரு படியும் 305 மீட்டர் நீளமும் 33.5 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் தொட்டி. எங்கள் கப்பலின் அகலம் 32 மீட்டரைச் சற்றே தாண்டும். பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு அடிதான் இடைவெளி. பால்கனியிலிருந்து கை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. சுவர்மேல் தண்டவாளங்களில் ஓடும் மின் இழுவை வண்டிகள் கப்பலை நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு அங்குள்ளோர் இட்ட பெயர் ‘கோவேறு கழுதைகள்’. அவற்றின் வடங்களைக் கப்பலோடு சேர்ப்பதற்கான முதற் கயிற்றைக் கொண்டுவந்தவர்களோ, சிறு துடுப்புப் படகில் வந்த இருவர்! இத்தனை இயந்திரங்களுக்கு நடுவே இந்தப் படகு ஏன் என்று கேட்டோம். இதைவிட நம்பகமான வழி இல்லை என்பதே விடை.

பின்கதவு மூடியதும் சத்தமில்லாமல் நீர் உயர்ந்தது. இங்கே நீரேற்றும் பம்பு எதுவும் இல்லை. மேலேயுள்ள ஏரியின் நீர், தன் எடையாலேயே சுரங்கக் குழாய்கள் வழியே தொட்டிக்குள் இறங்குகிறது. சுமார் பத்து நிமிடத்தில் சுவர் தாழ்ந்து, அதன்பின் மறைந்திருந்த புல்வெளி கண்முன் வந்துவிட்டது. எஃகுக் கதவுகள் உள்ளீடற்றவை. நீரில் ஓரளவு மிதப்பவை. அதனால் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கதவையும் அசைக்க 40 குதிரைத்திறன் மோட்டாரே போதுமானதாக இருந்தது. 1914 ஆகஸ்ட் 15 அன்று ‘அன்கோன்’ என்னும் கப்பலோடு கால்வாய் திறக்கப்பட்டபோது இயங்கிய அதே ஏற்பாடுதான் இன்றும் நம்மைத் தூக்குகிறது.

மூன்றாம் படியைத் தாண்டினால் காட்டூன் ஏரி. சாக்ரெஸ் ஆற்றை அணையிட்டு மறித்ததால் உருவானது. இதில் தீவுகளாகத் தெரிபவை ஒரு காலத்து மலையுச்சிகள். அவற்றுள் ஒன்றான பாரோ கொலராடோ, இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெப்பமண்டல ஆய்விடம்.

இவ்வளவு அமைதியாகத் தெரியும் இவ்விடத்தின் கணக்கேடு அமைதியானதன்று. சூயஸ் கால்வாயை 1869இல் திறந்து புகழ்பெற்ற ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ், 1881இல் இங்கே வேலையைத் தொடங்கினார். சூயஸ் மணற்பாங்கான சமவெளி, தொட்டிகளே தேவைப்படவில்லை. மழைக்காடும் மலையும் நிறைந்த பனாமாவிலும் அவ்வாறே கடல் மட்டத்துக்குத் தோண்டிவிடலாம் என்று அவர் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தார். மலை சரிந்தது, மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. 1889இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அவர் பெயரை நம்பிப் பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்கியிருந்த பிரான்சின் லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்கள் பணத்தை இழந்தனர். ஒரு திட்டத்தில் வென்றவர் அடுத்ததிலும் வெல்வார் என்ற நம்பிக்கை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1904இல் அமெரிக்கர் பொறுப்பேற்றனர். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் நம் செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். அந்த அறிவையும், மஞ்சள் காய்ச்சல் பற்றிக் கியூபாவில் கிடைத்த அறிவையும் கொண்டு மருத்துவர் வில்லியம் கோர்காஸ் கொசுக்களை ஒழிக்கும் பணியில் இறங்கினார். அது நடக்காமல் இருந்திருந்தால் இக்கால்வாய் இல்லை. ஆயினும் அமெரிக்கர் காலத்திலும் பதிவான இறப்புகள் 5,609. அவர்களில் பெரும்பாலோர் பார்படாஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கருப்பினத் தொழிலாளர்கள். சம்பளப் பட்டியலே இரண்டாக இருந்தது: வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயம், இவர்களுக்கு வெள்ளி. ‘தங்கம்’, ‘வெள்ளி’ என்ற அப்பிரிவு அஞ்சலகச் சாளரம் வரை நீண்டது. மலையைப் பிளந்து அவர்கள் வெட்டிய குலேப்ரா வழியே கப்பல் மெல்ல ஊர்ந்தபோது, இருபுறமும் படிப்படியாகச் செதுக்கப்பட்ட சரிவுகளைக் கண்டோம். மேல்தளத்தில் பேச்சுக் குறைந்துவிட்டது.

இவ்வழிக்கான கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பலுக்கு அது சில லட்சம் டாலர். நம் பயணச்சீட்டு விலையில் அதுவும் அடங்கும். மிகக் குறைந்த கட்டணம் செலுத்தியவர் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்னும் எழுத்தாளர். 1928இல் கால்வாயை நீந்தியே கடந்த அவரிடம் உடல் எடையைக் கணக்கிட்டு 36 சென்ட் வசூலித்தார்கள்!

பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராஃப்ளோரெஸில் இரண்டு படிகள் என இறங்கும்போதுதான் இப்பயணத்தின் உண்மையான செலவு கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கப்பல் ஏறி இறங்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் விடப்படுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று கொண்டால், 20 லட்சம் பேரின் ஒரு நாள் தேவை. பனாமா மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடிநீருக்கு நம்பியிருப்பதும் இதே நீர்ப்பிடிப்பைத்தான். 2023இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 கப்பல்கள் சென்ற வழியில் நவம்பருக்குள் 24 கப்பல்களே அனுமதிக்கப்பட்டன. வரிசையில் முந்துவதற்காக ஒரு கப்பல், ஏலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்தது. 2016இல் திறக்கப்பட்ட புதிய தொட்டிகள் 60 விழுக்காடு நீரை மீண்டும் பயன்படுத்துகின்றன, அதுவும் போதவில்லை. ஆகவே இந்தியோ ஆற்றில் புதிய அணை கட்டத் திட்டமிட்டுள்ளனர். அது எழுந்தால் சுமார் 2,000 பேர் தம் ஊர்களை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். அவர்களின் எதிர்ப்பு நியாயமானது என்றே எங்களுக்குப் படுகிறது. மேல்தளத்தில் குளிர்பானத்துடன் நின்று வேடிக்கை பார்த்த நாம் அனைவரும் அந்த நீரைச் செலவழித்தவர்களே.

செல்ல விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது, கப்பல் கால்வாயை முழுமையாகக் கடக்கிறதா, காட்டூன் ஏரி வரை சென்று திரும்புகிறதா என்பது. இரண்டையும் ‘பனாமா பயணம்’ என்றே விற்கின்றனர். அடுத்தது, பழைய தொட்டிகளா, புதியனவா என்பது. மிகப் பெரிய கப்பல்கள் புதிய வழியிலேயே செல்லும். அங்கே கோவேறு கழுதைகள் இல்லை, இழுவைப் படகுகள்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு.

பனாமாவுக்குச் சொந்தக் காகிதப் பணம் இல்லை. பால்போவா என்னும் அந்நாட்டுப் பணம் நாணயமாக மட்டுமே உண்டு. நோட்டு அனைத்தும் அமெரிக்க டாலர். ஒரு பால்போவா ஒரு டாலருக்குச் சமம். மிஞ்சிய நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுவது நல்லது. கப்பலில் ஏறும்போது உங்கள் அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். டெபிட் அட்டையோ பயண அட்டையோ கொடுத்தால் அவ்வளவு பணமும் முடங்கிவிடும், கடன் அட்டையே ஏற்றது. இந்தியாவில் சுற்றுலாத் தொகுப்புக்குச் செலுத்தும் தொகையின் மீது வசூலிக்கப்படும் வரியை, வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பலரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. பனாமா இந்திய அரசின் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து புறப்பட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்புபவரிடம் சான்று இல்லையெனில் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே அது செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. குறிப்பிட்ட நாட்களில்தான் ஊசி கிடைக்கும் என்பதால் முன்னதாகவே விசாரித்துச் செல்லுங்கள்.