ரெக்கவரி டிரைவ் நிரம்பிவிட்டதா? பார்மட் செய்ய அவசரப்படாதீர்கள்!

லேப்டாப் வாங்கிச் சில மாதங்களில், திரையின் வலது மூலையில் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' என்ற எச்சரிக்கை எட்டிப் பார்க்கிறதா? 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவ் நீலமாக இருக்க, 'ரெக்கவரி' என்ற பெயருள்ள டி டிரைவ் மட்டும் சிவப்பாகத் தெரிகிறதா? வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஒரு டிரைவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இடம் இருந்தால் விண்டோஸ் அந்தக் கோட்டைச் சிவப்பாக்கிவிடும். அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு நான் அரியலூர் வந்திருந்தபோது, பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்திருக்கும் சித்தப்பா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "கடையில காட்டினேன். எல்லாத்தையும் அழிச்சு பார்மட் பண்ணணும்ங்கிறான். மண்டிக் கணக்கு மூணு வருஷத்துது டி-லதான்பா இருக்கு" என்றார். ஏன் அங்கே வைத்தீர்கள் என்றதும், "சி-ல எதையும் வைக்காதீங்க, டி-ல வைங்கன்னு நீதானே சொன்ன?" என்றார்.

உண்மைதான். பள்ளியில் படிக்கும்போது நான் சொன்னது. அப்போது வீட்டில் இருந்தது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். கடைக்காரரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பார். சி-யில் விண்டோஸ், டி-யில் நம் பைல்கள். ஆனால் கம்பெனி லேப்டாப்புகள் பலவற்றில் டி என்பது உங்களுக்கான இடமே அல்ல. விண்டோஸ் படுத்துவிட்டால் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவரத் தேவையான பைல்களை கம்பெனி அதில் வைத்திருக்கும். அளவும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் விதைச் சின்ன வெங்காயத்துக்குத் தனிப் பட்டறை போடுவார்கள் அல்லவா, அதுபோல.

முதலில் டி டிரைவில் உங்களுடைய பைல்கள் எவை என்று பாருங்கள். மேலே 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் மறைந்திருப்பவையும் தெரியும். நீங்கள் பெயர் வைத்த போல்டர்கள், போட்டோக்கள், எக்செல் பைல்கள் ஆகியவற்றை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ சி டிரைவிலோ காப்பி செய்யுங்கள். 'கட்' வேண்டாம். காப்பி செய்த பைலைத் திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். லேப்டாப் தயாரான காலத்துத் தேதி உள்ள, பெயர் புரியாத போல்டர்களைத் தொடவே கூடாது. இடம் பிடிக்கிறதே என்று அவற்றை அழித்தால் ரெக்கவரி வேலை செய்யாது.

அழித்த பிறகும் கோடு சிவப்பாகவே இருக்கிறதா? சித்தப்பாவும் இதைத்தான் கேட்டார். ரீசைக்கிள் பின்னுக்குப் போன பைலும் அதே டிரைவில்தான் கிடக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.

நீங்கள் எதுவுமே வைக்கவில்லை, ஆனாலும் நிரம்புகிறது என்றால் கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' பகுதியைப் பாருங்கள். பேக்கப் டி டிரைவில் சேரும்படி யாராவது அமைத்திருக்கலாம். அதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 'சிஸ்டம் புரொடக்‌ஷன்' டயலாக் பாக்ஸில் டி டிரைவுக்கு 'ஆன்' என்றிருந்தால் அதையும் நிறுத்துங்கள். சி டிரைவுக்கு மட்டும் ஆனிலேயே இருக்கட்டும்.

நேற்றுவரை இல்லாத டிரைவ் திடீரென்று முளைத்துச் சிவப்பாக நின்றால் கதையே வேறு. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, மறைந்திருக்க வேண்டிய ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து கிடைத்து, உலகமெங்கும் பலருக்கு இந்த எச்சரிக்கை வந்தது. அந்தப் பார்ட்டிஷன் பிறவியிலேயே நிரம்பியது. எழுத்தை எடுத்துவிட்டால் போதும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, அந்தப் பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக 'ரிமூவ்' கொடுங்கள். உள்ளே இருப்பது அழியாது. அதே மெனுவில் 'டெலிட் வால்யூம்' என்றும் ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் மவுஸே போகக் கூடாது!

இன்னொரு வகையும் உண்டு. 2024 ஜனவரி 9-ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கேபி5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் கேட்டது. அது இல்லாத கம்ப்யூட்டர்களில் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. பைல்களை அழித்து இதைத் தீர்க்க முடியாது. சி டிரைவைச் சுருக்கிப் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும். புதியவர்கள் இதைத் தாங்களாகச் செய்யாமல் இருப்பதே நல்லது.

எதைச் செய்யும் முன்பும் ஒரு பென் டிரைவ் தயார் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடினால் அதற்கான புரோகிராம் கிடைக்கும். 32 ஜிபி பென் டிரைவ் என்றால் நிம்மதி. அதில் ஏற்கனவே உள்ளவை அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் 'பிட்லாக்கர்' ரெக்கவரி கீ எனப்படும் 48 இலக்க எண்ணையும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள்.

சித்தப்பாவின் கணக்குகள் இப்போது சி டிரைவில் ஒரு போல்டரிலும், வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கின்றன. பென் டிரைவ் மண்டிக் கல்லாப்பெட்டியில், சாவிக்கொத்தோடு கிடக்கிறது.