பாதிச் சமையலை வெயிலே பார்த்துக்கொள்ளும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டும்போது சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்பளம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால் மறுபடி மழை இறங்கும்வரை வேலை ஓயாது. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கியாக வேண்டும் என்பதால், உப்பு வாருகிறவர்களின் வீட்டில் அடுப்புக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிட என்ன வழி என்பது இந்தக் கரைக்கு நெடுங்காலமாகத் தெரியும்.

வழி இதுதான்: வேலையை அடுப்புக்கு வருமுன்பே முடித்துவிடுவது. மீனை உப்பும் வெயிலும் பதப்படுத்திவிடுகின்றன. சோற்றை இரவு புளிக்க வைத்துவிடுகிறது. சமைக்கிறவருக்கு மிஞ்சுவது இருபது, இருபத்தைந்து நிமிட வேலை. நகரத்து அடுக்ககங்களில் அலுவலகம் முடிந்து வந்து, கைப்பேசியில் சாப்பாடு வரவழைப்பதா, அடுப்பைப் பற்றவைப்பதா என்று யோசித்து நிற்கும் இளைஞர்களுக்கு இந்தச் சமையல் மிகவும் பொருந்தும். அதைப் பழக முன்அனுபவம் தேவையில்லை. முந்தின நாளே கொஞ்சம் யோசித்தால் போதும்.

இந்தக் கரையின் சாப்பாட்டுக்கு எழுத்துச் சான்று சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பாணர்களை வழிகாட்டி அனுப்பும் சிறுபாணாற்றுப்படை, அவர்கள் வழியில் தங்கும் ஊர்களின் உணவையும் சொல்லிக்கொண்டே போகிறது. மரக்காணமே அதில் வரும் எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே விருந்தாளிக்குக் கிடைப்பது உலர்ந்த குழல்மீனைச் சுட்டது, அதாவது கருவாடு. வேலூரில் புளியிட்டு ஆக்கிய சூடான சோறும் சுட்ட இறைச்சியும், ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். எல்லாமே ஓர் அடுப்பில் ஆகக்கூடியவை. அதே நூலில் வறுமையைக் காட்டவும் ஒரு சமையல் வருகிறது. பசி தாங்காத வீட்டுப் பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அண்டை அயலார் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் நாட்டைப் பாட வந்த புலவர் வறுமையின் அடையாளமாக உப்பில்லாத கீரையைத் தேர்ந்தெடுத்திருப்பது நெஞ்சை உலுக்குகிறது.

கருவாட்டுக்கு வருவோம். மீனைக் கீறி உப்பைத் தடவினால், உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீர் குறைந்த இடத்தில் மீனைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. பிறகு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் மிச்ச ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. நெத்திலி, காரப்பொடி போன்ற சிறுமீன்களை உப்பில்லாமலே காயவைப்பதும் உண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மீன் அகப்படாத மழைநாட்களுக்கு இதுதான் இருப்பு. பதப்படும்போதே மீனின் சுவை செறிந்துவிடுவதால் குழம்பில் மசாலா அடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நாலு பேருக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்க 100 கிராம் கருவாடு போதும். தலையைக் கிள்ளிவிட்டு, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, மணல் போக மூன்று நான்கு முறை அலச வேண்டும். பாதிப் பேர் கருவாட்டைக் கைவிடுவதே இந்த அலசலில் அவசரப்பட்டு வாயில் மணல் கடிபட்ட பிறகுதான். எலுமிச்சையளவு புளியைத் தனியே ஊறவைத்துக்கொள்ளலாம். சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் வதங்கியதும் தக்காளி இரண்டு, பிறகு நீளவாக்கில் நறுக்கிய கத்திரிக்காய். குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டியும் கொஞ்சம் மஞ்சள்தூளும் சேர்த்துப் பிரட்டி, புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். காய் வெந்து பச்சை வாசனை அடங்கிய பின்தான் கருவாடு. அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் போதும். மாங்காய்க் காலமாக இருந்தால் இரண்டு துண்டு மாங்காயும் சேரலாம். அப்போது புளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் உப்புப் போடவில்லையே என்று கேட்கலாம். போடக் கூடாது. கருவாட்டிலிருக்கும் உப்பு குழம்பில் இறங்கி முடித்த பிறகு, இறக்கும் தறுவாயில் நாக்கில் விட்டுப் பார்த்துத் தேவையானால் மட்டும் சேர்ப்பது முறை. புதிதாகச் சமைக்கிறவர்கள் தவறுகிற இடம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் கம்மி. ஆகவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது, அதுவும் நன்றாக ஊறவைத்து அலசிய பிறகு, அளவாகச் சேர்த்துக்கொள்வதே சரி.

குழம்புக்குத் துணை பழைய சோறு. புழுங்கல் அரிசியை வடித்து, சோறு ஆறியதும் மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவைத்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தயார். கோடையில் இன்னும் சீக்கிரம். இரவெல்லாம் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகிச் சோற்றுக்கு அந்த இளம்புளிப்பைத் தருகின்றன. காலையில் கல்லுப்பும் மோரும் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. சோற்றைச் சூட்டோடு நெடுநேரம் வெளியில் விட்டுவிடாமல் ஆறியவுடன் நீர் ஊற்றிவிட வேண்டும். நூல் நூலாக வந்தாலோ வாடை மாறினாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஒடிசாவில் இதுவே பகாளா, வங்கத்தில் பாந்தா பாத். 2021-இல் ஆஸ்திரேலியாவின் மாஸ்டர்செஃப் போட்டியின் இறுதிச் சுற்றில் வங்காளதேச வம்சாவளியைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி, நீர்ச்சோற்றை உருளைக்கிழங்கு மசியலோடும் மத்தி மீனோடும் நடுவர்கள் முன் வைத்தார். அவர்கள் அதைக் கொண்டாடிய காட்சியைக் கண்டு, காலையில் பழையது சாப்பிட்டதைச் சொல்லவே கூசிய பலரும் நிமிர்ந்திருப்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்களும் குடல் நலனுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள்.

உப்பளத்தில் நிற்பவர்களுக்கு, பழைய சோற்றின் தண்ணீரான நீராகாரத்தின் தேவை இன்னும் நேரடியானது. வெண்மையான பாத்திகள் எதிரொளிக்கும் வெயிலில், வியர்வையோடு நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. உப்புப் போட்ட நீராகாரம் இரண்டையும் திருப்பித் தருகிறது. ஆனால் ஒரு சொம்பு நீராகாரத்தால் எல்லாம் சரியாகிவிடாது. தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது தெரியவந்தது. நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேலை செய்யும் இடத்திலேயே வேண்டும். நம் வீட்டு உப்புச் சாடி அவர்களுடைய உழைப்பால்தான் நிறைகிறது.

ஆடி பிறந்தால் வடதமிழகம் முழுவதும் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். அதற்கும் கருவாட்டுக் குழம்புக்கும் உள்ள பொருத்தத்தைச் சாப்பிட்டுத்தான் அறிய வேண்டும். கேழ்வரகு மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யரிசி வெந்து குழைந்ததும் அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினால் கூழ். கையை நனைத்துத் தொட்டால் மாவு ஒட்டாத பதத்தில் இறக்கலாம். ஆறியதும் மோரில் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

நண்டும் இறாலும் இந்தக் கரைக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு கழுவேலிக்கு உண்டு. கடலோடு தொடர்புள்ள இந்தப் பெரிய உவர்நீர் ஏரியை, 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்போடு, 2021 டிசம்பரில் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைகளுக்குப் பேர்போன அந்த ஏரியும் முகத்துவாரமும் இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளரும் இடமும்கூட. நண்டைச் சுத்தம் செய்துதரச் சொல்லி வாங்கி, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப்போட்டுப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்தால் பதினைந்து நிமிடத்தில் நண்டு ரசம்.

உப்பைப் பற்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒரு கரண்டி கல்லுப்பில் கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால், அதே கரண்டி தூளுப்பைவிட எடை குறைவு. கல்லுப்பில் பழகிய பாட்டியின் ‘ஒரு கை’ அளவைத் தூளுப்பில் போட்டால் குழம்பு கரிக்கும். சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006 முதல் நாடெங்கும் தடை உண்டு. கல்லுப்பு வாங்கினாலும் அயோடின் சேர்த்ததா என்று உறையைப் பார்த்து வாங்கலாம்.

மீன் வாடைக்கு அடுக்ககத்தில் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்று தயங்குகிறவர்கள் சென்னாக்கூனியிலிருந்து தொடங்கலாம். நகத்தளவே இருக்கும் காய்ந்த இறால் அது. முறத்தில் புடைத்துத் தூசு நீக்கி, வெறும் சட்டியில் இளந்தீயில் மொறுமொறுவென்று வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் தேங்காய்த் துருவலோடு பொடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் சேர்ந்திருப்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தேங்காய் இல்லாமல் பொடித்தால் ஈரம் படாத புட்டியில் இன்னும் பல நாள் தாங்கும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி இந்தப் பொடி ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால், அன்றைக்குக் குழம்பே வைக்க வேண்டாம்.