சேலைக் கரை தரையில் புரண்டபோது

எலும்பின் கதை – 9

சென்ற வாரம் மணிக்கட்டு முறிவைப் பார்த்தோம். அது கையை ஊன்றி விழுந்தால் வருவது. முதுகெலும்போ விழாமலே முறியும்.

அப்பத்தாவுக்கு எழுபதைத் தாண்டியதும் சேலைக் கரை தரையில் புரள ஆரம்பித்தது. கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொள்வார். துணிக்கொடி எட்டவில்லை என்று அப்பா அதை ஒரு சாண் இறக்கிக் கட்டினார். ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது நடுமுதுகில் சுருக்கென்றது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். இரண்டு மாதத்தில் வலி போய்விட்டது. கூன் மட்டும் தங்கிவிட்டது. வயதானால் கூன் விழத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம்.

அன்று முறிந்தது முள்ளெலும்பு. எலும்புப்புரை வந்த முள்ளெலும்பு துண்டாக உடைவதில்லை. மிதிபட்ட தகர டப்பாபோல் முன்பக்கம் நசுங்கும். ஒன்று நசுங்கினால் உயரம் குறையும். இரண்டு மூன்று நசுங்கினால் உடம்பு முன்னால் சாயும், விலா இறங்கி வயிற்றை அழுத்தும். இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்று அப்பத்தா சொன்னது அதனால்தான். நாங்கள் பசிக்கு டானிக் வாங்கிக் கொடுத்தோம். இத்தகைய முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன. ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் முறிகிறது. இடுப்புக்கும் ஆபத்து கூடுகிறது.

நான்கு வருடம் கழித்து அதுவும் வந்தது. விடிகாலை கொல்லைப்பக்கம் போனவர் நிலைப்படி தடுக்கி விழுந்தார். வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு என்று நாம் சொன்னாலும் முறிவது தொடை எலும்பின் கழுத்தோ, அதற்குச் சற்றுக் கீழோதான். கழுத்து முறிந்து விலகினால், மேலே இருக்கும் பந்துக்குப் போகும் ரத்தம் தடைபடும். எந்தக் கட்டும் அதை ஒட்டவைக்காது. வீட்டிலோ ஒருவர் புத்தூர் கட்டு என்றார், இன்னொருவர் "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?" என்றார். ஒன்பது நாள் பேசினோம். 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்தப் பார்க்க வேண்டிய முறிவு அது. கொல்வது படுக்கைதான்: நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். பத்தாம் நாள் அறுவை நடந்தது. அதற்குள் நிமோனியா முந்திக்கொண்டது. மூன்றாம் மாதம் அப்பத்தா போய்விட்டார்.

குடம் தூக்கிய அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாம். அப்போதே மருந்து இருந்தது. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை: வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன்; பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலமும் இப்போது உண்டு. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் அது மூன்றாண்டுகளில் முள்ளெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. யாருக்கு எது என்பதைச் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர் சொல்வார். கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் பலர். எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தில் அந்த அளவை உடம்பு காப்பாற்றிக்கொள்ளும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தாறு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டேன். "இந்த வருசமுமா? சின்னப் புள்ளையாட்டம் அளக்கிறியே" என்று சிரித்தார். சென்ற ஆண்டுக் கோட்டுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் கீழே இருந்தது. பொங்கல் முடிந்ததும் முதுகு எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனேன்.

(தொடரும்)