கடிகாரத்தோடு ஒரு போட்டி

நுழையும்முன்

ஓட்டப் பந்தயத்தில் அருகில் ஓடுபவரே நம்மை விரைவுபடுத்துகிறார். அருகில் எவருமே இல்லாத பந்தயம் ஒன்றும் உண்டு. அதில் வெல்ல வேண்டியவை காற்றும் காலமும் ஆகும். இளையோர் பங்கேற்கும் அப்பந்தயத்தின் இயல்பையும், அதனுள் அடங்கிய அறிவியலையும், அதனோடு இணைந்த பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

கடற்காற்று கற்பிக்கும் பாடம்

சென்னையின் தெற்குப் புறநகரான நாவலூர், பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே அமைந்துள்ளது. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் வங்கக்கடலும் உள்ளன. தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி சென்று திரும்பும் மாணவர்கள் ஓர் உண்மையைத் தம் உடலாலேயே அறிவர். காலையில் எளிதாக உருண்ட வண்டி, பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வீசும்போது கனக்கிறது. சாலையும் வண்டியும் ஓட்டுபவரும் மாறவில்லை; மாறியது காற்று மட்டுமே. இந்த எளிய பட்டறிவே ‘டைம் டிரையல்’ என்று விளையாட்டு உலகம் அழைக்கும் தனிநபர் நேரப்போட்டியின் அடிப்படை ஆகும்.

போட்டியின் இயல்பு

சாலை மிதிவண்டிப் பந்தயங்களில் பெரும்பாலானவை கூட்டமாகத் தொடங்குபவை. அவற்றில் ஒருவர் மற்றொருவரின் பின்னால் ஒதுங்கிக் காற்றின் தாக்குதலிலிருந்து தப்பலாம். இறுதிவரை வலிமையைச் சேமித்து, எல்லைக்கோட்டருகே பாய்ந்து முந்தலாம். நேரப்போட்டியில் அதற்கு இடமில்லை. வீரர்கள் ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேற்பட்ட சீரான இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுகின்றனர். முன்னே சென்றவரை எட்டிப் பிடித்தாலும் அவர் நிழலில் ஒதுங்கக் கூடாது. பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டே கடக்க வேண்டும். விதியை மீறினால் நேரம் தண்டமாகக் கூட்டப்படும். ஆகவே, முதலில் எல்லையைத் தொட்டவர் வென்றவர் ஆகார். குறைந்த நேரத்தில் தொலைவைக் கடந்தவரே வென்றவர்.

தோற்றமும் வளர்ச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சாலைகளில் மிதிவண்டி வீரர்கள் கூட்டமாகப் பந்தயம் ஓட்டியதால் குதிரை வண்டிகள் மிரண்டன. காவல்துறையின் எதிர்ப்பும் எழுந்தது. பந்தயமும் நடக்க வேண்டும், சாலையில் பிறருக்கு இடையூறும் நேரக் கூடாது என்ற நெருக்கடியிலிருந்தே வீரர்களைத் தனித்தனியே அனுப்பும் முறை பிறந்தது. எஃப். டி. பிட்லேக் என்பவர் 1895ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் அத்தகைய போட்டியை நடத்தினார். பின்னர் வந்த ஆண்டுகளில் விடியற்காலையில், கருநிற உடையுடன், இடத்தின் பெயரை வெளியிடாமல் குறியீடுகளால் குறித்து இப்போட்டிகள் அங்கு நடத்தப்பட்டன.

புகழ்பெற்ற பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் 1934இல் தனிநபர் நேரப்போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இளையோர் உலகச் சாம்பியன் பட்டத்திற்கான நேரப்போட்டி 1994 முதல் நடைபெற்று வருகிறது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிப்படி 17, 18 வயதினர் இளையோர் பிரிவில் அடங்குவர். மேல்நிலை வகுப்பு மாணவரின் வயதை ஒத்தவர்களே அங்குத் தம் நாட்டின் உடையணிந்து களம் இறங்குகின்றனர்.

காற்றின் கணக்கு

சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. காற்றுத்தடை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல நொடிதோறும் செலவிட வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இயல்பாக மிதிப்பவர் 40 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முயலும்போது மூச்சு வாங்குவதன் காரணம் இதுவே.

எனவே வீரர் முதலில் தம் உடலின் முன்பரப்பைக் குறைக்கிறார். முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை நெருக்கி, முன்னோக்கி நீண்ட கைப்பிடியில் முன்கைகளை ஊன்றுகிறார். தலைக்கவசமும் உடலை இறுக்கிப் பிடிக்கும் உடையும் காற்று வழுக்கிச் செல்லும்படி அமைகின்றன. ஆரக்கால்கள் இல்லாத வட்டத்தகடு போன்ற பின்சக்கரமும் பயன்படுகிறது. ஆயினும் அத்தகைய சக்கரம் பக்கக் காற்றில் வண்டியைத் தள்ளும் தன்மையது. வடக்குத் தெற்காகச் செல்லும் நாவலூர்ச் சாலையைப் போன்ற தடத்தில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசுமானால், செல்லும்போதும் திரும்பும்போதும் அது பக்கத்திலிருந்தே தாக்கும். கருவியின் வேகத்தைவிடக் கட்டுப்பாடே அங்கு முதன்மை பெறும்.

ஆற்றலைப் பகிரும் கலை

நாவலூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கத்தைக் கடந்து 10 கிலோமீட்டர் சென்று, அதே வழியில் திரும்பும் தடம் ஒன்றைக் கற்பனை செய்வோம். அன்று காற்றே வீசவில்லை என்றும் கொள்வோம். முதல் வீரர் மொத்தத் தொலைவையும் மணிக்கு 40 கிலோமீட்டர் என்னும் சீரான வேகத்தில் கடக்கிறார். அவருக்குச் சரியாக 30 நிமிடங்கள் ஆகின்றன. இரண்டாம் வீரர் தொடக்கத்தின் உற்சாகத்தில் முதல் பாதியை 44 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, களைப்புற்று, மறுபாதியை 36 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்கிறார். இரு வேகங்களின் கூட்டுச் சராசரி 40 என்பதால் இருவரும் சமம் என்று தோன்றும். கணக்கிட்டால், இரண்டாமவர் முதல் பாதிக்கு 13 நிமிடம் 38 நொடியும், மறுபாதிக்கு 16 நிமிடம் 40 நொடியும் எடுத்துக்கொண்டிருப்பார். மொத்தம் 30 நிமிடம் 18 நொடி. மேலும், காற்றை விலக்க அவர் செலவிட்ட ஆற்றலும் முதலாமவரைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு மிகுதி. மிகுதியாக உழைத்தும் அவர் பின்தங்கினார்.

தன் வலிமையைத் தானே அளந்து, தொலைவு முழுமைக்கும் பகிர்ந்தளிக்கத் தெரிவதே இப்போட்டியின் உள்ளீடு. முதல் சில நிமிடங்களில் உடல் விரைவைக் கோரும்; பயிற்சி பெற்ற உள்ளம் அதை அடக்கும். இறுதிக் கிலோமீட்டர்களில் உடல் ஓய்வைக் கோரும். அப்போதும் உள்ளம் இணங்காது. ஏற்றத்தில் சற்று மிகுதியாக உழைத்து, இறக்கத்தில் சற்று இளைப்பாறுவதும் இப்பகிர்வின் ஒரு பகுதியே.

தெரிந்து தெளிவோம்

1989ஆம் ஆண்டுப் பிரான்சு சுற்றுப் பந்தயத்தின் இறுதி நாளில், வெர்சாய் நகரிலிருந்து பாரிசு வரை 24.5 கிலோமீட்டர் நேரப்போட்டி நடைபெற்றது. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபிக்னோனைவிட 50 நொடி பின்தங்கியிருந்தார். முன்னோக்கி நீண்ட கைப்பிடியைப் பயன்படுத்திய லெமாண்ட், அன்று 58 நொடிகளை மீட்டு, 8 நொடி வேறுபாட்டில் பட்டத்தை வென்றார்.

இளையோர் அரங்கு

சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செலாரா 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் இளையோர் நேரப்போட்டியில் உலகப் பட்டம் வென்றார். பின்னாளில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் 2018இல் இன்ஸ்புரூக் நகரில் இளையோர் பட்டத்தை வென்று, 2024 பாரிசு ஒலிம்பிக்கில் நேரப்போட்டித் தங்கத்தை அடைந்தார்.

இந்திய இளையோரின் பெரும் வெற்றி சாலையில் அன்றி ஓடுதளத்தில் கிட்டியது. 2019இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் (ஓடர்) நகரில் நடந்த இளையோர் உலக ஓடுதளப் போட்டியில், அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் இடம்பெற்ற இந்திய அணி குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றது. அதுவும் நொடியின் நுண்பகுதிகளால் முடிவாகும் போட்டியே. நாவலூருக்கு மேற்கே மேலக்கோட்டையூரில் அமைந்துள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும் மிதிவண்டி ஓடுதளம் உண்டு.

வேகத்தினும் பெரிது உயிர்

2024 செப்டம்பரில் சூரிச் நகரில் நடந்த உலகப் போட்டியின் இளையோர் மகளிர் சாலைப் பந்தயத்தில், 18 வயதான சுவிட்சர்லாந்து வீராங்கனை மூரியல் ஃபுரர் மழையில் நனைந்த தடத்தில் விழுந்து, மறுநாள் உயிரிழந்தார். அவர் விழுந்ததை உடனடியாக எவரும் அறியவில்லை என்பது உலகை உலுக்கியது. 2025இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நடந்த உலகப் போட்டியில், வீரர் ஒவ்வொருவரும் எங்குள்ளார் என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் கருவி பயன்படுத்தப்பட்டது. நேரப்போட்டியில் வீரர் தனியே செல்கிறார். ஆனால் அவரைத் தனித்துவிடுவதற்குச் சமூகத்துக்கு உரிமை இல்லை.

பிறருக்கு இடையூறு நேரக் கூடாது என்ற கவலையில் பிறந்த போட்டி இது. பேருந்துகளும் சரக்குந்துகளும் விரையும் பழைய மாமல்லபுரம் சாலை, போக்குவரத்து நிறுத்தப்படாதவரை பந்தயத் தடம் ஆகாது. தலைக்கவசமும் மூடிய தடமும் பயிற்றுநரின் கண்காணிப்பும் அமைந்த இடத்திலேயே கடிகாரத்தை முடுக்க வேண்டும். அங்கு ஓட்டும் இளையவர், நேற்றைய தம் நேரத்தை இன்று ஒரு நொடியேனும் குறைத்தால், எவரையும் தோற்கடிக்காமலே ஒரு வெற்றியைப் பெற்றவர் ஆகிறார்.