குறையும் கூலன்ட் எங்கே போகிறது?

கார் நின்ற இடத்தில் சொட்டு ஈரம்கூட இல்லை. ஆனாலும் அடிக்கடி கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. வெளியே ஒழுகாதது என்ஜினுக்குள்தான் போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட் கேஸ்கட்டை.

என்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு இது. ஒரு பக்கம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் எரிந்த வாயு, பக்கத்துத் துளையில் சுமார் 90 டிகிரியில் ஓடும் கூலன்ட், இன்னொன்றில் ஆயில். மூன்றையும் கலக்கவிடாமல் பிரித்து வைப்பது இதன் வேலை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அலுமினிய ஹெட் விரியப் பார்க்கும், போல்ட்டுகள் விடாது. ஹெட் நெளிந்துவிடும், கேஸ்கட்டின் பிடி தளரும்.

எந்த இடத்தில் விட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால், என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. இனிப்பான வாடை அடிக்கும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தால், ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லுப்போல இறுகிவிடும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே விட்டாலோ புகையும் வராது, கூலன்ட்டும் குறையாது. இழுவை மட்டும் போய்விடும். கம்ப்ரெஷன் பார்த்தால் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருக்கும்.

ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் படிந்திருந்தாலே, ஆயிலில் கூலன்ட் கலந்துவிட்டது என்று ஹெட்டைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. சம்மதிக்க வேண்டாம். மழைக்காலத்தில் சின்னத் தூரமே ஓடும் காரிலும் அது படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை. அப்படியிருந்தால் பேரிங் கெடாமலிருக்க, காரை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். பெட்ரோல் கார்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயில் நீல நிறத் திரவம் ஊற்றி, அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டில் கை வைக்குமுன் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கேஸ்கட்டின் விலை பெரிதல்ல, கூலிதான் பெரிது. அதனால் ஹெட்டைக் கழற்றினால் வேலையை முழுதாகச் செய்வதே லாபம். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரம்பு. மீறினால் ஃபேசிங் செய்து, அதாவது சீவிச் சமப்படுத்த வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்டும் வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில் ஹெட் போல்ட் ஒரு முறை இறுக்கியதும் நீண்டுவிடும், ஆகவே புதிது போட வேண்டும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தயாரிப்பாளர் சொன்ன வரிசையில், டார்க் ரெஞ்சால் இறுக்குவதுதான் முறை. கைப்பழக்கத்தை நம்பி இறுக்கினால் மறுபடியும் ஒழுகும்.

பிரிட்டனின் ரோவர் கே சீரிஸ் என்ஜின் இந்தக் கோளாறுக்கே பெயர்போனது. அங்கே பழைய மாதிரி கேஸ்கட்டையே திரும்பப் போடுவது போதவில்லை. ஹெட்டை இடத்தில் நிறுத்தும் பிளாஸ்டிக் முளைகளுக்குப் பதில் எஃகு முளைகளும், பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் பின்னர் வந்தன. நம் ஊரிலும் கேஸ்கட்டோடு காரணத்தையும் தேட வேண்டும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், சுழலாத ஃபேன், போர் தண்ணீர் ஊற்றி உப்பு படிந்த ரேடியேட்டர் என எதையாவது விட்டுவைத்தால் புதுக் கேஸ்கட்டும் போகும்.

வெப்பநிலை முள் சிவப்பை நெருங்கினால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். முழுதாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.